எலி கடித்த ஒயர்: பல்பு எரிந்தாலும் ஆபத்து



போன ஐப்பசி மழையில் நம் குழு ஒன்றில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். ஊரும் பேரும் வேண்டாம் என்று அந்த உறுப்பினர் கேட்டுக்கொண்டார். "நடந்ததச் சொல்லுங்க மேடம், நாலு பேரு வீட்டுலயாவது பாத்துக்கிருவாக" என்று அவரே சொன்னதால்தான் எழுதுகிறேன்.

அவர் குழுக் கடனில் ஒரு கறவை மாடு வாங்கியிருந்தார். காலையும் மாலையும் பால் சொசைட்டிக்குப் பால் ஊற்றி, தவணை தவறாமல் கட்டி வந்தார். வீட்டை ஒட்டி தகரம் போட்ட மாட்டுத் தொழுவம். இரும்புப் பைப் நான்கு நட்டு, மேலே தகரம். இருட்டில் பால் பீச்ச ஒரு பல்பு வேண்டும் என்று வீட்டிலிருந்து ஒயர் இழுத்து, அந்தப் பைப்பிலேயே சுற்றிக் கட்டியிருந்தார்கள். மாட்டையும் அதே பைப்பில் இரும்புச் சங்கிலியால் கட்டியிருந்தார்கள்.

இரண்டு நாள் அடைமழை. மூன்றாம் நாள் விடியற்காலையில் போய்ப் பார்த்தால் மாடு செத்துக் கிடக்கிறது. வாயில் நுரை இருந்ததால் பாம்பு கடித்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தார்கள். அவருடைய வீட்டுக்காரர் சங்கிலியை அவிழ்க்கப் போய் ஷாக் அடித்துப் பின்னால் விழுந்தார். கீழே வைக்கோல் மேல் விழுந்ததால் கை விடுபட்டது. உயிர் பிழைத்தார்.

பிறகு மெயினை அணைத்துவிட்டு ஏறிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. தகரத்துக்கு அடியில், பைப் மேல் எலி ஓடுகிற பாதையில், சிவப்பு ஒயரின் தோலை ஒரு விரற்கடை நீளம் எலி கொறித்திருந்தது. உள்ளே இருந்த செம்புக் கம்பி பைப்பில் ஒட்டிக்கொண்டிருந்தது.

இதில் இரண்டு விஷயம் என் மனதை விட்டுப் போகவில்லை. ஒன்று, அந்தத் தொழுவத்துப் பல்பு கடைசி வரை நன்றாக எரிந்துகொண்டுதான் இருந்தது. இரண்டாவது, அவர் மகள் இரண்டு நாள் முன்னாலேயே, "அம்மா, கம்பியத் தொட்டா சுர்ருங்குது" என்று சொல்லியிருக்கிறாள். "ஈரக் கையோட தொட்டிருப்ப, போடி" என்று அம்மா சொல்லிவிட்டார்.

நானும் தப்பவில்லை. அதற்கு முந்தின மாதம்தான் கடன் பயன்பாட்டைப் பார்க்க அந்தத் தொழுவத்துக்குப் போயிருந்தேன். மாடு இருக்கிறதா, பால் எத்தனை லிட்டர் என்று எழுதிக்கொண்டு வந்தேன். தலைக்கு மேலே தொங்கிய ஒயரைப் பார்க்கவில்லை. இனிமேல் எந்தக் கடனுக்குத் தொழுவம் பார்க்கப் போனாலும் ஒயரையும் பார்ப்பது என்று முடிவு செய்திருக்கிறேன். நீங்களும் உங்கள் வீட்டைப் பார்க்க வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

எலி ஏன் ஒயரைக் கடிக்கிறது?

பசிக்காக இல்லை. எலிக்கு மேலே இரண்டு, கீழே இரண்டு என்று முன்பற்கள் நான்கு. இந்தப் பற்கள் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். ஒரு வருஷத்தில் 10 சென்டிமீட்டருக்கும் மேல் வளரக்கூடியவை. எதையாவது கொறித்துத் தேய்த்துக்கொண்டே இருந்தால்தான் எலியால் வாயை மூட முடியும், தின்ன முடியும். அதனால் மரச்சட்டம், சோப்பு, செருப்பு, பிளாஸ்டிக் குடம் என்று கிடைத்ததையெல்லாம் கொறிக்கும். ஒயர் அதன் வாய்க்குள் அடங்குகிற கனத்தில், மெத்தென்று, அது ஓடுகிற வழியிலேயே இருக்கிறது. அதனால் ஒயருக்கு அடி விழுகிறது.

நம் வீடுகளில் கூரைமேல் ஏறி ஓடுவது வீட்டு எலி. சுவரிலும் கயிற்றிலும் நன்றாக ஏறும். சுண்டெலி சின்னது, பென்சில் நுழையும் ஓட்டையிலும் நுழைந்துவிடும். பெருச்சாளி தரையில் வளை தோண்டும். மண்ணுக்குள் பதித்த ஒயரை அதுதான் கடிக்கும். அணிலும் எலி இனம்தான். மரத்தை ஒட்டி ஓடும் ஒயரை அணில் பகலிலேயே கொறித்துவிடும். பாவம், மூஞ்சூறுக்கு மட்டும் இதில் பங்கில்லை. அது பூச்சியைத் தின்கிற பிராணி. பார்க்க எலி மாதிரி இருப்பதால் அடி வாங்குகிறது.

அடைமழைக் காலத்தில் வயல் வளைகளில் தண்ணீர் புகுந்துவிடும். அறுப்பு முடிந்தால் வயலில் தீனி இருக்காது. இந்த இரண்டு சமயத்திலும் எலிகள் வீட்டுக்கும் தொழுவத்துக்கும் வரும். மழைக்கு முன்னால் ஒரு முறை, அறுப்பு முடிந்ததும் ஒரு முறை கட்டாயம் ஒயரைப் பார்த்துவிட வேண்டும்.

"எலிக்கு ஷாக் அடிக்காதா மேடம்?" என்று ஒரு குழுவில் ஓர் அக்கா கேட்டார். நல்ல கேள்வி. காய்ந்த மரச்சட்டத்தில் உட்கார்ந்து ஒரே ஒயரைக் கடிக்கும்போது எலிக்கு ஒன்றும் ஆகாது. மின்சாரம் உள்ளே வந்தால் வெளியே போக ஒரு வழி வேண்டும். இரண்டு ஒயரையும் ஒன்றாகக் கடித்தாலோ, ஒயரைக் கடித்தபடி இரும்பைத் தொட்டாலோ அந்த வழி கிடைத்துவிடும்; எலி செத்துவிடும். அப்படி விழும் பொறி கூரை வைக்கோலில் விழுந்தால் வீடே போய்விடும்.

பல்பு எரிகிறதே, ஃபியூஸ் போகலையே?

எல்லாரும் ஏமாறுகிற இடம் இதுதான். ஃபியூஸும் எம்.சி.பி.யும் ஒயரைக் காப்பாற்றுவதற்காக வைத்தவை. ஆளைக் காப்பாற்றுவதற்காக வைத்தவை அல்ல.

கணக்குப் பாருங்கள். ஒரு 9 வாட் எல்.இ.டி. பல்பு எரிய ஏறத்தாழ 40 மில்லி ஆம்பியர் மின்சாரம் போதும். மனித உடம்பில் 30 மில்லி ஆம்பியருக்கு மேல் ஓடினாலே உயிருக்கு ஆபத்து. ஆனால் விளக்கு லைனுக்குப் போடும் எம்.சி.பி. 6 ஆம்பியர் என்றால், அது 6000 மில்லி ஆம்பியர். ஒரு ஆளைக் கொல்லும் மின்சாரத்தைப் போல 200 மடங்கு தாங்கும் அளவு அது. மாடு சாகும்போதும் மனுஷி சாகும்போதும் எம்.சி.பி. சும்மாதான் நிற்கும். மாடுகள் நம்மைவிடக் குறைவான மின் அழுத்தத்தையே தாங்காது. ஈரத் தரையில் நாலு காலும் பதிந்து நிற்பதால் இன்னும் மோசம்.

அந்தத் தொழுவத்தில் எலி கடித்தது மழைக்கு முன்பாகவே இருக்க வேண்டும். தரை காய்ந்திருந்தவரை மின்சாரம் இறங்க நல்ல வழி இல்லை. மழை பெய்து தரையும் சாணியும் ஊறியதும் வழி கிடைத்துவிட்டது. பிள்ளைக்கு "சுர்ர்" என்று இருந்தது அதன் ஆரம்பம். அதனால் வீட்டில் யாராவது, சின்னப் பிள்ளையாக இருந்தாலும் சரி, "சுவரு சுர்ருங்குது, கம்பி இழுக்குது" என்று சொன்னால் உடனே மெயினை அணையுங்கள். அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

எலி கடித்திருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

பகல் வெளிச்சத்தில், மெயினை அணைத்துவிட்டு, டார்ச் லைட்டுடன் பாருங்கள். கையால் தொட்டுத் தடவ வேண்டாம். கண்ணால் பார்த்தால் போதும்.

1. ஒயர் போகும் வழிக்கு நேர் கீழே தரையில் எலிப் புழுக்கையோ, துணுக்குத் துணுக்காகப் பிளாஸ்டிக் தூளோ கிடக்கிறதா?

2. ஒயரின் தோலில் சீவியது போல ஜோடி ஜோடியான பல் தடம் இருக்கிறதா? செம்பு பளபளவென்று தெரிகிறதா?

3. சுவரின் தலைப்பில், விட்டத்தின் மேல், கறுப்பாக எண்ணெய்ப் பிசுக்கு போலக் கோடு இருக்கிறதா? எலி தினமும் உடம்பை உரசி ஓடும் பாதை அது. அந்தப் பாதையும் ஒயரும் சேரும் இடத்தை நன்றாகப் பாருங்கள்.

4. பரணில் சாமான் அடைத்து வைத்திருக்கும் மூலை, மெயின் போர்டுக்குப் பின்புறம், ஓட்டுக்கும் சுவருக்கும் இடையே உள்ள சந்து, தவிட்டு மூட்டைக்குப் பின்னால் போகும் ஒயர். இந்த நான்கு இடங்களில்தான் அதிகம் பார்த்திருக்கிறோம்.

5. சுவிட்சு போட்டால் பல்பு விட்டு விட்டு எரிவது, மினுக் மினுக்கென்று ஆடுவது, சுவிட்சுக்குள் 'சட சட' சத்தம், பிளாஸ்டிக் கருகும் நாற்றம், போர்டில் பழுப்பான கறை. இதில் எது இருந்தாலும் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும்.

மீட்டரிலும் ஒரு சோதனை செய்யலாம். வீட்டில் எல்லா சுவிட்சையும் அணைத்து, பிளக்குகளை உருவிவிட்டு, மெயினை மட்டும் போட்டு வையுங்கள். மீட்டரில் சிமிட்டும் சிறிய சிவப்பு விளக்கைப் பத்து நிமிஷம் கவனியுங்கள். எதுவுமே ஓடாதபோதும் அது சிமிட்டினால், மின்சாரம் எங்கோ கசிகிறது. கரண்ட் பில் காரணமில்லாமல் ஏறுவதற்கும் இது காரணமாக இருக்கலாம். ஆனால் சிமிட்டவில்லை என்பதால் எல்லாம் சரி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சுவிட்சுக்கு அப்பால் பல்பு வரை போகும் ஒயரை இந்தச் சோதனை காட்டாது. அதற்கு எலக்ட்ரீஷியனிடம் மெக்கர் என்ற கருவி இருக்கிறது. அதை வைத்து ஒயரின் தோல் நன்றாக இருக்கிறதா என்று சோதித்துச் சொல்லுவார்.

பல்பு எரியவில்லை என்றால் வரிசையாகப் பாருங்கள்

நாம் செய்யக்கூடியது எதுவரை, எலக்ட்ரீஷியன் செய்ய வேண்டியது எது என்று தெரிந்துகொண்டால் பயமும் வேண்டாம், அசட்டுத் துணிச்சலும் வேண்டாம். காய்ந்த கை, காலில் செருப்பு, காய்ந்த தரை. இது மூன்றும் இல்லாமல் போர்டுப் பக்கமே போகக் கூடாது.

முதல் படி: பக்கத்து வீட்டில் கரண்ட் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கேயும் இல்லை என்றால் மின்வாரியக் கோளாறு. மின்னகம் எண் 94987 94987க்கு எந்த நேரமும் சொல்லலாம். மின் இணைப்பு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

இரண்டாவது படி: நம் வீட்டில் மட்டும்தான் இல்லை என்றால் எம்.சி.பி. கீழே விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். விழுந்திருந்தால் உடனே தூக்கிவிடாதீர்கள். அது ஏதோ காரணத்துக்காகத்தான் விழுந்திருக்கிறது. முதலில் கருகல் நாற்றம், புகை, தொங்கும் ஒயர் ஏதாவது உண்டா என்று பாருங்கள். இருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள். ஒன்றும் இல்லை என்றால் எல்லா சுவிட்சையும் அணைத்து, பிளக்குகளை உருவி, ஒரே ஒரு முறை தூக்குங்கள். உடனே மறுபடியும் விழுந்தால் மெயினிலிருந்து சுவிட்சு போர்டு வரும் ஒயரிலேயே கோளாறு. நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். விழாமல் நின்றால் சுவிட்சுகளை ஒவ்வொன்றாகப் போடுங்கள். எந்த சுவிட்சைப் போட்டதும் விழுகிறதோ அந்த வழியில்தான் கோளாறு. அந்த சுவிட்சை அணைத்து, மேலே ஒரு காகிதம் ஒட்டி, எலக்ட்ரீஷியன் வரும்வரை யாரும் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது படி: ஒரே ஒரு பல்பு மட்டும் எரியவில்லை என்றால், மெயினை அணைத்துவிட்டு, வேறு அறையில் நன்றாக எரியும் பல்பைக் கழற்றி இங்கே போட்டுப் பாருங்கள். அதுவும் எரியவில்லை என்றால் ஹோல்டரோ, சுவிட்சோ, ஒயரோ போயிருக்கிறது. இதற்கு மேல் நம் வேலை இல்லை.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். பல்பு எரியவில்லை என்றால் அந்த ஒயரில் கரண்ட் இல்லை என்று அர்த்தமில்லை. விளக்குக்கு வரும் ஒயர் இரண்டு. பேஸ் ஒயர் மின்சாரத்தைக் கொண்டுவரும், நியூட்ரல் ஒயர் திரும்பக் கொண்டுபோகும். எலி நியூட்ரலை மட்டும் துண்டித்துவிட்டால் பல்பு அணைந்துவிடும். ஆனால் ஹோல்டர் வரைக்கும் கரண்ட் வந்து நின்றுகொண்டிருக்கும். அந்த நேரத்தில் நாம் ஹோல்டரில் கை வைத்தால் திரும்பிப் போகும் வழி நாமாகிவிடுவோம். சில வீடுகளில் சுவிட்சை நியூட்ரலில் தவறாக இணைத்திருப்பார்கள். அங்கே சுவிட்சை அணைத்தாலும் ஹோல்டரில் கரண்ட் இருக்கும். அதனால்தான் சுவிட்சை நம்பாமல் மெயினை அணைக்கச் சொல்கிறோம். டெஸ்டர் எரியாததையும் நம்பக் கூடாது. அதுவும் கெட்டுப் போகும் சாமான்தான்.

இன்னொன்று. வீட்டில் சில பல்பு திடீரென்று அதிக வெளிச்சமாகவும் சில மங்கலாகவும் எரிந்தால், மெயினை அணைத்துவிட்டு மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள். கம்பத்திலோ வீட்டுக்கு வரும் லைனிலோ நியூட்ரல் அறுந்திருக்கலாம். மீட்டர் வரைக்கும் வாரியத்தின் பொறுப்பு. மீட்டருக்கு இந்தப் பக்கம் நம் பொறுப்பு.

கடித்த ஒயரை என்ன செய்வது?

"டேப் சுத்திட்டோம் மேடம்" என்பதுதான் எல்லா ஊரிலும் கேட்கிற பதில். டேப் வெயிலில் பிசின் விட்டுப் பிரிந்துவிடும். எலிக்கு அதுவும் கொறிக்க வசதி. ஒரு இடத்தில் கடித்த எலி பக்கத்தில் இன்னும் இரண்டு இடம் கடித்திருக்கும். ஆகவே அந்த விளக்குக்குப் போகும் ஒயரைச் சுவிட்சிலிருந்து ஹோல்டர் வரை முழுசாக மாற்றுவதே சரி. நடுவில் ஒட்டுப் போட்டே ஆக வேண்டும் என்றால் ஜங்ஷன் பாக்ஸுக்குள் போட வேண்டும்; தொங்கலில் கூடாது.

வாங்கும் ஒயரில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 694 என்ற எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். விளக்குகளுக்கு 1 அல்லது 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் போதும். வேலையை உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள். செய்யப் போகும் வேலை, சாமான் விலை, கூலி மூன்றையும் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

எலி கடிக்காமல் ஒயரை எப்படிப் பாதுகாப்பது?

ஒயரைக் குழாய்க்குள் விடுங்கள். கனமான பி.வி.சி. பைப் எலிக்கு எளிதில் வாய்க்கு அடங்காது. ஆனால் பைப்பின் முனை, பிளவு, மூடியில்லாத வளைவு இங்கெல்லாம் பல் பதிக்க விளிம்பு கிடைத்துவிடும். எனவே முனை பாக்ஸுக்குள் போய் முடிய வேண்டும். திறந்து நிற்கக் கூடாது. எலி ரொம்பத் தொல்லை தரும் தொழுவம், தானியக் கிடங்கு போன்ற இடத்தில் இரும்புப் பைப் போடலாம். அதற்குக் கட்டாயம் எர்த் கொடுக்க வேண்டும். எர்த் இல்லாத இரும்புப் பைப் போட்டால் எலியைத் தடுத்து எமனைக் கூப்பிட்ட கதைதான்.

ஒயர் போகும் பாதையை மாற்றுங்கள். விட்டத்தின் மேல்புறமும் சுவர்த் தலைப்பும் எலியின் ராஜபாட்டை. சுவரின் நடுப்பகுதியில், திறந்த இடத்தில், கண்ணில் படுகிற மாதிரி பைப் அடித்துக்கொண்டு போனால் எலி நின்று கடிக்க இடம் இருக்காது. கடித்தாலும் நமக்குத் தெரியும்.

தொழுவத்தில் இரும்புத் தூணில், தகரத்தில், கொடிக் கம்பியில் ஒயரைச் சுற்றாதீர்கள். மாட்டைக் கட்ட மரமுளை அல்லது கல்தூண். துணி காயப் போட நைலான் கயிறு. வீட்டுக்கும் தொழுவத்துக்கும் நடுவில் ஒயரைத் தாங்க இழுத்துக் கட்டும் கம்பியில் ஒருநாளும் துணி போடக் கூடாது.

ஓட்டைகளை அடையுங்கள். துணி, காகிதம், வெறும் மண் வைத்து அடைத்தால் ஒரே ராத்திரியில் தோண்டிவிடும். சிமெண்டோடு உடைந்த கண்ணாடித் துண்டு கலந்து பூசுவது நம் ஊர்ப் பழைய வழக்கம்; நல்லதுதான், கையில் உறை போட்டுச் செய்யுங்கள். காற்று வர வேண்டிய இடத்தில் சுண்டு விரல்கூட நுழையாத சின்னக் கண் கம்பி வலை அடியுங்கள். ஒயர் சுவரைத் துளைத்து வரும் ஓட்டையை மறக்காமல் பூசுங்கள்.

தீனியை எடுத்துவிடுங்கள். இதுதான் பாதி வேலை. தவிடு, புண்ணாக்கு, கோழித் தீவனம் எல்லாம் மூடி உள்ள டிரம்மில் இருக்கட்டும். சாக்கு மூட்டையைச் சுவரை ஒட்டி அடுக்காமல், கட்டை மேல் வைத்து, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள். விறகுக் கட்டும் அப்படித்தான். கூரையைத் தொடும் முருங்கை, வேப்பங்கிளையை வெட்டிவிடுங்கள். எலி இருக்கிற வீட்டுக்கு அதைத் தேடிப் பாம்பும் வரும். இது நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பொறி வைப்பதற்கும் முறை உண்டு. எலி எப்போதும் சுவரை ஒட்டியே ஓடும். பொறியை நடுவீட்டில் வைத்தால் விழாது; சுவரை ஒட்டி வையுங்கள். புதுச் சாமானைக் கண்டால் எலிக்குச் சந்தேகம். அதனால் இரண்டு மூன்று நாள் பொறியைப் பூட்டாமல் கருவாடு, சுட்ட தேங்காய்ச் சில் மட்டும் வைத்துத் தின்னப் பழக்குங்கள். பிறகு பூட்டுங்கள். ஒரே ஒரு பொறி வைப்பதைவிட ஒரே ராத்திரியில் நாலைந்து வைப்பது பலன் தரும். செத்த எலியை வெறுங்கையால் எடுக்காதீர்கள். எலி மூத்திரத்தால் எலிக்காய்ச்சல் வரும். கவர் மாட்டி எடுத்து, ஆழமாகப் புதைத்து, சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

எலி விஷம் வேண்டாம் சகோதரிகளே

இதைத் தனியாகச் சொல்கிறேன். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்டுக்குத் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. எங்காவது கடையில் கொடுத்தாலும் வாங்காதீர்கள். அதற்கு மாற்று மருந்து கிடையாது. குழந்தை தெரியாமல் வாயில் வைத்துவிட்டால் முதல் நாள் நன்றாக இருப்பது போலத் தெரியும். பிறகு ஈரலைத் தாக்கும். எனவே "புள்ள நல்லாத்தான இருக்கு" என்று வீட்டில் வைத்துக்கொள்ளாமல் உடனே 108ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

இன்னொன்றும் நமக்குத் தெரிந்ததுதான். வீட்டில் சண்டை, கடன் தொல்லை, மனசு உடைந்த நேரம் என்று எல்லார் வாழ்விலும் வரும். அந்த நேரத்தில் விஷம் என்று ஒன்று வீட்டில் இல்லாமல் இருப்பதே பெரிய பாதுகாப்பு. மனசு சரியில்லை என்றால் 104க்குப் போன் செய்து பேசலாம். குழுத் தோழியிடம் பேசலாம். எலிக்குப் பொறி போதும்.

ரச கற்பூர உருண்டை, மிளகாய்ப் பொடி, மண்ணெண்ணெய் இவற்றை ஒயரில் தடவுவதும் வேண்டாம். வாசம் நாலு நாளில் போய்விடும். உருண்டையைப் பிள்ளைகள் மிட்டாய் என்று வாயில் போட்டுவிடும். மண்ணெண்ணெய் தீக்கு வழி.

ஆளைக் காப்பாற்றும் கருவி

எம்.சி.பி. ஆளைக் காப்பாற்றாது என்றேன். காப்பாற்றுகிற கருவியின் பெயர் ஆர்.சி.சி.பி. உள்ளே போகும் மின்சாரமும் திரும்பி வரும் மின்சாரமும் சமமாக இருக்கிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். எலி கடித்த இடத்தில் கசிந்தாலோ, ஓர் ஆள் வழியாகத் தரைக்கு இறங்கினாலோ கணக்கு இடிக்கும். 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தால், ஒரு நொடிக்குள்ளேயே மெயினைத் துண்டித்துவிடும். வீட்டுக்கு வாங்கும்போது "30 மில்லி ஆம்பியர்" என்று கேட்டு வாங்குங்கள். அதில் 'டி' என்று போட்ட பட்டன் இருக்கும். மாதம் ஒரு முறை அமுக்கிப் பாருங்கள். டக்கென்று விழ வேண்டும். விழவில்லை என்றால் கருவி வேலை செய்யவில்லை. இது எம்.சி.பி.க்குப் பதில் இல்லை, இரண்டும் வேண்டும். இரண்டு ஒயரையும் ஒன்றாகப் பிடித்துவிட்டால் இதனாலும் காப்பாற்ற முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

அந்தத் தொழுவத்தில் இது இருந்திருந்தால், மழையில் தரை ஊறிக் கசிவு கூடியதுமே மெயின் விழுந்திருக்கும். இருட்டில் பால் பீச்சியிருப்பார்கள். மாடு இருந்திருக்கும்.

யாருக்காவது ஷாக் அடித்தால்

ஓடிப்போய் ஆளைப் பிடிக்காதீர்கள். முதலில் மெயினை அணையுங்கள். முடியாவிட்டால் காய்ந்த மரப்பலகை மேல் நின்று, காய்ந்த கம்பால் ஒயரைத் தள்ளிவிடுங்கள். 108ஐக் கூப்பிடுங்கள். மூச்சு இல்லை என்றால் மல்லாக்கப் படுக்கவைத்து, நெஞ்சின் நடுவில் இரண்டு கைகளாலும் அழுத்துங்கள். நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை, வண்டி வரும்வரை நிறுத்தாமல். ஒயரில் தீப்பிடித்தால் மெயினை அணைக்காமல் தண்ணீர் ஊற்றக் கூடாது. மணல் அள்ளிப் போடுங்கள்.

குழுவில் பேச வேண்டியது

அந்த உறுப்பினருக்குக் காப்பீட்டுப் பணமும் வரவில்லை. மாட்டின் காது வில்லை எப்போதோ விழுந்திருந்தது. அதைச் சொல்லிப் புது வில்லை மாட்டவில்லை. வில்லை இல்லாவிட்டால் இழப்பீடு இல்லை. மாடு வைத்திருக்கும் சகோதரிகள் இன்றைக்கே காதைப் பாருங்கள். விழுந்திருந்தால் உடனே எழுதிக் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள். மாடு இறந்தால் புதைக்கும் முன்பே கால்நடை மருத்துவருக்குச் சொல்ல வேண்டும்.

குழு அவரைக் கைவிடவில்லை. கடனைத் தள்ளுபடி செய்ய முடியாது. அது எல்லாருடைய சேமிப்பு. ஆனால் தவணைக்கு அவகாசம் கொடுத்துத் தீர்மானம் எழுதினார்கள். அடுத்த வாரமே பத்துப் பேராகச் சேர்ந்து ஒவ்வொரு வீட்டுத் தொழுவமாகப் போய்ப் பார்த்தார்கள். ஒரு வீட்டில் எலி கடித்த ஒயர் குழந்தையின் தொட்டில் கம்பிக்கு ஒரு சாண் மேலே இருந்தது. அந்த வீட்டு அத்தை அப்படியே திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்.

உங்கள் குழுவிலும் அடுத்த கூட்டத்தில் இதை ஒரு பொருளாக எடுங்கள். எழுதிக்கொள்ள மூன்று தீர்மானம் சொல்கிறேன்.

ஒன்று: ஒவ்வொரு உறுப்பினர் வீட்டையும், தொழுவத்தையும், குழுக் கட்டிடத்தையும் மழைக்கு முன்பும் அறுப்புக்குப் பின்பும் இரண்டிரண்டு பேராகப் போய்ப் பார்ப்பது.

இரண்டு: ஒயர் மாற்றவும் ஆர்.சி.சி.பி. மாட்டவும் உள்கடனில் முன்னுரிமை கொடுப்பது. ஐந்தாறு வீட்டு வேலையை ஒன்றாகச் சேர்த்து ஒரே எலக்ட்ரீஷியனிடம் பேசினால் கூலியும் குறையும்.

மூன்று: மாட்டுக் கடன் கொடுக்கும் முன் தொழுவத்து ஒயரைப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று நோட்டில் எழுதுவது.

எலியை முழுசாக ஒழிக்க யாராலும் முடியாது. அது நம்மோடுதான் இருக்கும். அது வாய் வைக்கிற இடத்தில் நம் பிள்ளையின் உயிரையும் மாட்டின் உயிரையும் தொங்கவிடாமல் இருப்பது நம் கையில் இருக்கிறது. இன்று சாயங்காலம் விளக்குப் போடும்போது, பல்பை மட்டும் பார்க்காமல் அதற்கு வரும் ஒயரையும் ஒரு பார்வை பாருங்கள்.

அன்புடன்,
கள ஒருங்கிணைப்பாளர்